அக்காவிடம் கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு வயது 61. சொந்தமாகத் தொடங்கி நடத்திய நிறுவனத்தைச் சென்ற ஆண்டு நல்ல விலைக்கு விற்றுவிட்டேன். பிள்ளைகளுக்கு எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது. மீதியில் பெரும்பகுதியை ஏழைப் பெண் குழந்தைகளின் படிப்புக்குக் கொடுப்பதற்காக ஓர் அறக்கட்டளை தொடங்குகிறேன். ஓர் ஆலோசனை நிறுவனம் எட்டு மாதம் ஆய்வு செய்து 140 பக்க அறிக்கை தந்திருக்கிறது. இப்போது எனக்கும் மகனுக்கும்தான் இழுபறி. பணத்தை முதலீட்டில் போட்டுவைத்து, வருகிற வருமானத்தில் மட்டும் கொடுத்தால் அறக்கட்டளை காலத்துக்கும் நிற்கும் என்கிறான். பத்து மாதிரிப் பள்ளிகளை உடனே கட்டி, பலனை அளந்து காட்ட வேண்டும் என்கிறேன் நான். அறக்கட்டளைக்கு என் அக்காவின் பெயரைத்தான் வைக்கிறோம். குடும்பக் கஷ்டத்தால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்களோடுதான் இருக்கிறார், வீட்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை; தொடக்க விழா மேடையில் வைத்து ஆச்சரியப்படுத்தலாம் என்றிருக்கிறோம். நான் சொல்வது சரியா, மகன் சொல்வது சரியா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பெயர் வெளியிட விரும்பாத வாசகரே, உங்கள் பெயர் பத்திரிகையில் வரக்கூடாது என்று கவனமாக எழுதியிருக்கிறீர்கள். அக்காவின் பெயரைப் பலகையில் எழுதி மாட்ட மட்டும் அவரை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

நீங்கள் எழுதியது நான்கு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கியிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் அக்காவுக்கு வந்தது மூன்று வரி. முதலீடு, அளவீடு, மாதிரிப் பள்ளி பற்றியெல்லாம் எழுதியதை ஒருமுறைதான் படித்தேன். அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.' போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்களுக்கு நல்ல மனசு என்று சொல்லி ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். பணம் இருக்கும் இடத்தில் அந்தப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது.

எட்டு மாதம் ஆய்வு. 140 பக்கம். ஒரு பெண்ணை எட்டாம் வகுப்போடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நிறுத்துவது என்று முடிவு செய்தது யார், அதை அவளிடம் சொன்னது யார், புத்தகப் பையை எங்கே வைத்தாள், மறுநாள் காலை மற்றவர்கள் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறார். அவரைத் தவிர எல்லோரிடமும் பேசியிருக்கிறீர்கள்.

'குடும்பக் கஷ்டம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அந்தக் கஷ்டம் உங்களுக்கும் இருந்ததுதானே? ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே வருமானம். நீங்கள் படித்தீர்கள், அவர் நின்றார். கஷ்டம் வந்து ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். பெண் பிள்ளைகள் பாதியில் நிற்பது பள்ளிக்கூடம் இல்லாமல் போய் மட்டுமல்ல. அடுத்துப் பிறந்ததைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. மேல்வகுப்பு வெகுதூரத்தில் இருக்கிறது. வயதுக்கு வந்தாயிற்று, பள்ளியில் கழிப்பறை இல்லை. உங்கள் பத்து மாதிரிப் பள்ளிகள் இதில் எதைத் தீர்க்கும் என்று தெரியுமா? உங்கள் அக்காவுக்கு இதில் எது நடந்தது என்றாவது தெரியுமா? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை நிறுத்தினார்கள் என்றால், அந்தக் கைக்குழந்தை யார்? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்களுக்கும் வந்திருக்கும்.

வியாபாரம் செய்தவர் நீங்கள். பொருள் சரியில்லை என்றால் வாங்கியவர் அடுத்த முறை உங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார், ஒரே மாதத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். தர்மத்தில் அந்த வசதி இல்லை. பயன்படுத்துகிறவர் பணம் கொடுப்பதில்லை, பணம் கொடுக்கிறவர் பயன்படுத்துவதில்லை. நீங்கள் கட்டிக்கொடுத்தது உதவாது என்று தலைமையாசிரியர் உங்களிடம் சொல்லமாட்டார், அடுத்த தவணை நின்றுவிடும். ஆலோசனை நிறுவனமும் சொல்லாது, அடுத்த அறிக்கை கிடைக்காது. கைதட்டலைக் கேட்டு நன்றாகத்தான் நடக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். உங்களிடமிருந்து எந்தத் தவணையும் எதிர்பார்க்காமல் உண்மையைச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். அவரை நீங்கள் மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, பேச முடியாதபடி ஆக்கப்போகிறீர்கள்.

ஆச்சரியப்படுத்துவதில் பெரிய மனிதர்களுக்கு ஏனோ அப்படி ஒரு ஆசை. 2010இல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பர்க், அமெரிக்காவின் நியூவார்க் நகரப் பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் தருவதாக ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிவித்தார். பக்கத்தில் நகர மேயர், மாகாண ஆளுநர். அரங்கம் முழுக்கக் கைதட்டல். அந்த ஊரில் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த பெற்றோர்களுக்கு விஷயம் தெரிந்ததே தொலைக்காட்சியில்தான். கொடுத்தவர் பங்கும், அதற்கு ஈடாகத் திரட்டியதும் சேர்ந்து 20 கோடி டாலர். அதில் 2 கோடிக்கு மேல் ஆலோசகர்களுக்குப் போனது. சீர்திருத்தம் என்று சொல்லி, எங்களைக் கேட்காமல் எங்கள் பள்ளிகளை மூடுகிறார்கள் என்று ஊரே கொதித்தது. பின்னால் வந்த ஓர் ஆய்வு, மொழிப்பாடத்தில் பிள்ளைகளுக்கு முன்னேற்றம் தெரிவதாகவும் கணக்கில் இல்லை என்றும் சொன்னது. ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டுவிட்டுச் செய்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ப்ளேபம்ப் என்று ஒரு ராட்டினம். பிள்ளைகள் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலே ஏறித் தொட்டிக்குப் போகும். கேட்கவே இனிக்கிறது இல்லையா? தென்னாப்பிரிக்காவில் பிறந்த யோசனை. 2006இல் இதற்கு 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். 2010க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 ராட்டினம் என்று இலக்கு. சில இடங்களில் ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைப் பிடுங்கிவிட்டு இதை நட்டார்கள். பிள்ளைகள் எவ்வளவு நேரம்தான் சுற்றுவார்கள்? மீதி நேரமெல்லாம் குடத்தோடு வந்த பெண்கள், வயதானவர்கள் உட்பட, குனிந்து அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். பழுதானால் சரிசெய்ய ஆள் வர மாதக்கணக்கு. தண்ணீர் சுமப்பது பெண்கள். அவர்களில் நாலு பேரை முன்கூட்டியே நிற்கவைத்துக் கேட்டிருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும் ஆராய்ச்சி.

என் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அறக்கட்டளையின் விண்ணப்பத் தேர்வுக் குழுவில் என்னையும் உட்காரவைத்தார்கள். விண்ணப்பப் படிவம் மட்டும் 38 பக்கம். ஒரு பள்ளியிலிருந்து வந்ததில் பாதிக்கு மேல் காலி. 'எதிர்பார்க்கும் சமூக மாற்றம்' என்ற கட்டத்துக்குள் அந்தத் தலைமையாசிரியை பென்சிலில் எழுதியிருந்தார்: 'பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். சுத்தம் செய்ய ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம்.' எழுதிவிட்டு, இது போதாதோ என்று நினைத்தாரோ என்னவோ, கீழே எதையோ எழுதி அழித்த தடம் இருந்தது. குழு நிராகரித்துவிட்டது. தாழ்ப்பாள் மிகச் சின்னத் தொகை, எங்கள் குறைந்தபட்ச வரம்புக்குள் வராது. சம்பளம் தொடர்செலவு, அதைக் கொடுப்பதில்லை. நானும் கையெழுத்துப் போட்டேன். அன்று போட்ட கையெழுத்து இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு காரமாகப் பேசுகிறேன்.

கேட்டுச் செய்தவர் கதையும் ஒன்று சொல்கிறேன். சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்க வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். 1912இல் தன் ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி, புக்கர் டி. வாஷிங்டன் என்ற கறுப்பினக் கல்வியாளர் நடத்திய டஸ்கீகீ கல்வி நிலையத்தின் பணிகளுக்காக 25,000 டாலர் கொடுத்தார். வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர், சிறுவயதில் உப்பாலையில் வேலை செய்துகொண்டே எழுத்துக் கற்றவர். அந்தப் பணத்தில் கொஞ்சம் மிஞ்சியது. அதில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிராமங்களில் சின்னப் பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டது வாஷிங்டன்தான். முதலில் ஆறே பள்ளி. 1932க்குள் தென்மாநிலங்களில் கிட்டத்தட்ட 5,000. மின்சாரம் இல்லாத ஊர்கள் என்பதால் பெரிய பெரிய ஜன்னல்கள் வைத்து, வெளிச்சம் விழும் திசை பார்த்துக் கட்டினார்கள். முதல் வரைபடங்கள் டஸ்கீகீயில் இருந்தவர்கள் போட்டவை. ஊர்க்காரர்கள் நிலம், மரம், உழைப்பு, காசு என்று கொண்டுவந்தார்கள். அந்த ஏழை ஜனங்கள் சேர்த்த தொகை ரோசன்வால்ட் தரப்பு கொடுத்ததைவிடச் சற்று அதிகம். கோடீஸ்வரர், தான் சொன்னதைச் செய்ய ஓர் ஆலோசகரை அமர்த்தவில்லை. படிப்புக்கு ஏங்கிய ஒருவர் சொன்னதைக் கோடீஸ்வரர் செய்தார்.

உங்கள் மகனுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. காலத்துக்கும் நிற்கிற நிதி ரோசன்வால்டுக்குப் பிடிக்காது. தான் இறந்து 25 ஆண்டுக்குள் முதல் உட்பட எல்லாம் செலவாகிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1932இல் இறந்தார், நிதி 1948இலேயே மூடப்பட்டது. அமெரிக்காவில் இன்று தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குச் சொத்தில் சுமார் 5 சதவீதமாவது செலவிட வேண்டும் என்று சட்டம். தரை என்று சட்டம் போட்டதைப் பலர் கூரையாக்கிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு காசு விடுவதில்லை. பணத்தை அடைகாக்க ஆசை என்றால் அதைத் தன் பங்கில் செய்துகொள்ளச் சொல்லுங்கள் மகனிடம். இந்த ஆண்டு பள்ளியை விட்டு நிற்கிற பிள்ளை உங்கள் வட்டி ஏறும்வரை எட்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்காது. அதற்காக நீங்கள் சொல்வது சரி என்று ஆகிவிடவில்லை. கட்டடம் ஃபோட்டோவில் நன்றாக விழும், ஆசிரியர் சம்பளம் விழாது. அதனால்தான் பணக்காரர்களுக்குக் கட்டடம் பிடிக்கிறது.

சரி, இப்போது கடன் விஷயத்துக்கு வருகிறேன். இது அறக்கட்டளையில் சேராது.

உங்கள் படிப்பு, அதிலிருந்து வந்த வேலை, அதிலிருந்து வந்த நிறுவனம், அதை விற்ற பணம். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் அக்கா விட்டுக்கொடுத்த இடம். அப்புறமும் அவர் நிற்கவில்லை. இன்றுவரை உங்கள் வீட்டைச் சம்பளமில்லாமல் நடத்திக்கொண்டிருக்கிறார். 'வீட்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அது யார் வீடு? பத்திரத்தில் யார் பெயர்? பிள்ளைகளுக்கு எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது என்றீர்கள். அந்தப் பட்டியலில் அவர் இருந்ததாக எங்கும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவளுக்குப் பட்ட கடனை வைத்துக்கொண்டு, அவள் பெயரிலேயே ஊருக்குக் கொடை கொடுப்பதை என்னால் தர்மம் என்று சொல்ல முடியாது. பழைய காலத்து ஆள் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் அவர் பெயருக்கு ஒரு பங்கை எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் குறையாத பங்கு. அதை அறக்கட்டளைக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். இதற்கு வரிச்சலுகை கிடைக்காது, மாலை விழாது, பத்திரிகையில் வராது. அவர் அதை என்ன செய்வார் என்று கேட்காதீர்கள், அது அவர் பாடு. கோபத்தில் உங்களோடு பேசாமல் தனியாகப் போய் இருக்கிறேன் என்றாலும் அது அவர் பாடுதான்.

அதன் பிறகு ஒரு நாள், மகனையோ மனைவியையோ கூட்டிக்கொள்ளாமல், அந்த 140 பக்கத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போய் உட்காருங்கள். கண்ணாடி போட்டும் எழுத்துச் சின்னதாகத் தெரிந்தால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். எங்கே அவர் சிரிக்கிறாரோ அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். எங்கே பேசாமல் எழுந்து உள்ளே போகிறாரோ அங்கே இரண்டு கோடு. தன் பெயர் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று வற்புறுத்தாமல் எடுத்துவிடுங்கள். சக் ஃபீனி என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 800 கோடி டாலர் வரை கொடுத்து முடித்து 2020இல் தன் அறக்கட்டளையையே மூடினார். எத்தனையோ கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தும் எதிலும் தன் பெயரைப் போடவிடவில்லை. பலகை இல்லாமலும் கட்டடம் நிற்கும்.

விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருந்தால் இன்றே ஆள் அனுப்பி நிறுத்துங்கள். மகன் கேட்டால், அத்தையிடம் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.