டெக்சஸில் வேட்டைக்கு நிலம்: வாசகர் கேள்விகள்

அக்டோபர் கடைசியில் நாலு ரான்ச் (பெரிய மாட்டுப் பண்ணை) ஏறி இறங்கினோம். யாருமே மான் வேட்டைக்கு விடவில்லை. (ஃபிரிஸ்கோ)

காலம் தவறிப் போயிருக்கிறீர்கள். பொது மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை திறக்கிறது. அதற்குள் நல்ல நிலமெல்லாம் லீஸுக்குப் போயிருக்கும். மாநிலத்தில் 95 சதவீதம் தனியார் நிலம், போட்டி அப்படி. பிப்ரவரி முதல் ஜூன்வரை கேளுங்கள். இரண்டு பேருக்கு மேல் போகவேண்டாம். முதலில் மானைக் கேட்காதீர்கள், காட்டுப்பன்றியைக் கேளுங்கள். ஒரே ராத்திரியில் மேய்ச்சல் நிலத்தை உழுதுபோட்டதுபோலக் கிளறிவிடும் பிராணி அது. குறைக்க ஆள் வந்தால் சொந்தக்காரர் பேச்சுக்கு இறங்குவார்.

தனியார் நிலத்தில் பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாமாமே? நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். (ஆஸ்டின்)

சொந்தக்காரர் சம்மதம் இருந்தால் 2019 செப்டம்பரிலிருந்து வேண்டாம். ஆனால் நீங்கள் வாங்கியே ஆகவேண்டும். உங்கள் விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ்தான் விதிவிலக்கு.

திறந்துகிடந்த கேட்டை நல்லெண்ணத்தில் மூடிவிட்டு வந்தோம். நிலத்துக்காரர் ‘இனி வராதீர்கள்’ என்கிறார். மூடியது தப்பா? (கேட்டி)

தப்புதான். எத்தனை முறை எழுதுவது? கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடவேண்டும். திறந்த கேட் பல இடங்களில் மாடு தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி. செப்டம்பர் புறா வேட்டை சீசன் வெயிலில் அதை மூடினால் ஒரே நாளில் மந்தை தவித்துப்போகும். மூடியிருந்ததைத் திறந்துபோட்டால் காளை கிடாரிகளோடு கலந்து கன்று ஈனும் கணக்கே குலையும். மாடு சாலைக்கு வந்து கார் மோதினால் வழக்கு அவர் தலையில். சந்தேகம் வந்தால் அங்கேயே நின்று போன் செய்யுங்கள். கேட் சங்கிலியில் ஆளுக்கொன்றாகப் பல பூட்டுகள் கோத்திருந்தால், உங்கள் பூட்டைத் திறந்த அதே இரு கண்ணிகளிலேயே திரும்பப் பூட்டுங்கள். இடம் மாற்றினால் இன்னொருவர் பூட்டு வெளியே விடுபட்டு, அவர் உள்ளே வரமுடியாது. மழை பெய்த மறுநாள் மண் பாதையில் டிரக்கை ஓட்டாதீர்கள். அந்தத் தடம் இறுகியபின் நிலத்துக்காரர்தான் டிராக்டரில் பிளேடு போட்டுச் சமப்படுத்தவேண்டும். இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை. இருந்தும் நல்ல நிலங்கள் கைவிட்டுப் போவது இதனால்தான்.

மச்சானையும் கூட்டிப்போகலாமா?

நிலத்துக்காரரிடம் கேட்டீர்களா? அனுமதி உங்களுக்கு மட்டும்.

அடிபட்ட மான் வேலி தாண்டிப் பக்கத்து நிலத்தில் விழுந்தால்? (சான் அன்டோனியோ)

அனுமதியில்லாமல் தாண்டக்கூடாது. சீசனுக்கு முன்பே அண்டை நிலத்தாரின் எண்ணை வாங்கி வையுங்கள். நுரையீரலில் பட்ட மான்கூட 100 கஜம் ஓடும். அதனால் பிளைண்டை (ஒளிந்திருந்து சுடும் மறைவிடத்தை) வேலியிலிருந்து 200 கஜமாவது தள்ளிப் போடுங்கள். எழுத்தில் சம்மதம் இல்லாமல் குண்டு எல்லையைக் கடந்தாலே குற்றம்.

மரத்தில் ஊதாக் கோடு இருக்கிறது, பலகை எதுவும் இல்லை. போகலாமா?

கூடாது. மூன்றிலிருந்து ஐந்தடி உயரத்துக்குள், எட்டு அங்குலத்துக்குக் குறையாத செங்குத்துக் கோடு என்றால் சட்டப்படி அதுவே ‘உள்ளே வராதே’ பலகை.