உப்புக்கொத்தி முட்டையிடும் கரையில் இல்மனைற் திட்டம்: கேள்வி பதில்

கதிரவெளியிலிருந்து: அண்ணன், எங்கட கரையில இல்மனைற் எண்ட கறுமணல் எடுக்கிறதுக்கு அளந்து கல்லு நட்டிருக்கிறாங்க. அந்த இடத்திலதான் சின்னப் பறவையொண்டு வெறும் மணலில முட்டை போடுது. என்ன பறவை அது?

விறுவிறென்று ஓடி, சட்டென்று நின்று, திரும்ப ஓடினால் உப்புக்கொத்தி. கால் கருஞ்சாம்பல், நெஞ்சுப் பட்டை நடுவில் அறுந்திருந்தால் அனுமன் உப்புக்கொத்தி என்று எடுக்கலாம். 2023 இல்தான் இதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே குஞ்சு பொரிக்கிறது, அதனால் நம் கிழக்குக் கரை போனால் அதற்கு மாற்றிடம் மிகக் குறைவு. பட்டை அறாமல், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் வேறு இனம். பல சோடிகள் சேர்ந்திருந்து தலைக்கு மேல் பாய்ந்து கத்தினால் சிறு ஆலா என்ற கடற்பறவை.

முட்டை இரண்டு அல்லது மூன்று, மணல் நிறத்தில் கறுப்புக் கீறல்களோடு இருக்கும். அடைகாப்பு ஏறத்தாழ 25 நாள். குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம்.

திருக்கோவிலிலிருந்து: சேர், ஒரு சுற்றாடல் அறிக்கையில் “கூடுகள் எதுவும் காணப்படவில்லை” என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு என்ன பதில் கொடுப்பது?

முதலில் கள ஆய்வுத் திகதியைப் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று அலை கரையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது தேடினால் எவர் கண்ணிலும் கூடு படாது. மழை ஓய்ந்து மணல் காய்ந்த பிறகு, ஏறத்தாழ மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரைதான் முட்டைக் காலம். இரண்டாவது, கரையின் எந்தப் பகுதியில் நடந்தார்கள் என்று பாருங்கள். கூடு இருப்பது அலைக்குப்பைக் கோட்டுக்கு மேலே, அடம்பன் கொடி தொடங்கும் வரையுள்ள வெறுமணலில். பாரமான கறுமணலை அலை ஒதுக்கிவிடுவதும் அதே பகுதியில்தான். பிரச்சினையின் முடிச்சு அங்கே இருக்கிறது. அந்த மணலை எடுத்தால் கரை தாழும். நம் பக்கத்தில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், கொஞ்சம் தாழ்ந்தாலே பெரிய அலை கூட்டுக்குள் வந்துவிடும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டால் கருத்துச் சொல்ல 30 நாள். “பறவைகளைக் காப்பாற்றுங்கள்” என்று மட்டும் எழுதினால் கோப்பில் போட்டுவிடுவார்கள். பக்க எண், ஆய்வுத் திகதி, விடுபட்ட மாதங்கள், உங்கள் கூட்டுப் பதிவுகள் என்று இலக்கமிட்டு எழுதுங்கள். மார்ச்–ஆகஸ்ட்டில் மாதம் இருமுறை மறு ஆய்வு கேளுங்கள். கருத்துகளுக்குத் திட்டக்காரர் பதில் சொல்லியாக வேண்டும்.

வாகரையிலிருந்து: கூட்டை எப்படிப் பதிவது? பறவைக்கு ஆபத்து வராதா?

வரும், தங்கச்சி. அவசரப்பட்டால் கம்பனி வருமுன் நாமே அழித்துவிடுவோம். விடிந்து ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். பிறகு மணல் சுடும், தாய் எழும்பிப் போனால் முட்டைக்குள் கரு வெந்துவிடும். ஐம்பது மீற்றர் தள்ளி நின்று இருகண்நோக்கியால் பறவை எங்கே போய்க் குந்துகிறது என்று பாருங்கள். சிறகு முறிந்ததுபோல் இழுத்து நடித்தால் குஞ்சு காலடியில் இருக்கலாம், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

படம் ஒருமுறை போதும், ஃபோனில் இருப்பிடத்தைப் போட்டு எடுங்கள். கூட்டோடு நின்று திரும்பாமல், நேரே கடந்து போங்கள். உங்கள் காலடி கூட்டில் முடிந்தால் நாயும் கீரியும் அதே வழியில் வரும். திகதி, நேரம், முட்டை எண்ணிக்கை, அலைக்கோட்டிலிருந்து எத்தனை எட்டு எல்லாவற்றையும் குறியுங்கள். வாரம் ஒருமுறை தூர நின்று பார்த்தால் போதும். இடத்தை முகநூலில் போடாதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இயங்கும் களப் பறவையியல் குழுவுக்கு அனுப்பினால் பதிவுக்குப் பெறுமதி கூடும்.

கோமாரியிலிருந்து: கூட்டைச் சுற்றிக் கம்பு நட்டுக் கொடி கட்டலாமா?

ஒற்றைக் கூட்டுக்கு வேண்டாம், கொடி காகத்துக்கு அழைப்பிதழ். பல கூடுகள் ஒரே இடத்தில் இருந்தால் முழு இடத்துக்கும் வெளியே, ஐம்பது மீற்றர் தள்ளித் தும்புக்கயிறு கட்டுங்கள். கம்பு இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், நுனியைக் கூராக்குங்கள், காகம் குந்தாது. கம்பிக்கூண்டு வைக்கவே வைக்காதீர்கள். அடைகாக்கும் தாயையே நாய் காத்திருந்து பிடிக்கும். கரைவலை முதலாளியோடு பேசி வலை இழுக்கும் உழவு இயந்திரம் ஈரமணலில் மட்டும் ஓட வழி செய்யுங்கள், மீன் கழிவையும் புதைக்கச் சொல்லுங்கள். கயிறை விட இந்த இரண்டும்தான் முட்டையைக் காக்கும்.

ஒலுவிலிலிருந்து: மணல் எடுத்த இடத்தில் சவுக்கு நட்டுத் தருவதாகச் சொல்கிறார்களே?

சவுக்குத் தோப்பில் உப்புக்கொத்தி முட்டையிடாது. நாலு பக்கமும் எதிரி தெரியும் வெறுமணல்தான் அதற்கு வேண்டும். மரத்தில் காகம் வேறு கூடு கட்டும். பழைய உயரத்துக்கும் சரிவுக்கும் மணலைத் திருப்பிப் போடச் சொல்லி நிபந்தனை கேளுங்கள்.

பாசிக்குடாவிலிருந்து: அனுமதி கொடுத்தாயிற்றா என்றே யாரும் சொல்கிறார்களில்லை.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடம் இருப்பது ஆய்வு அனுமதியா, அகழ்வு அனுமதியா, எல்லை வரைபடம் எது என்று கேளுங்கள். ஆய்வு அனுமதியை வைத்துக்கொண்டு மணல் அகழ முடியாது. கரையோரம் பேணல் திணைக்களத்துக்குத் தனி மனு போடுங்கள். கடல் பெருகி ஏறும் உயர் நீர்க்கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் அவர்கள் வலயம்.