அப்பாவை எப்படித் தெரியும்?

கேள்வி: என் தம்பி மகன் பி.ஏ. தத்துவம்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறான். இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசியும் தத்துவவாதிகள் ஒரு கேள்விக்காவது முடிவான விடை சொன்னதுண்டா? இதைக் கல்லூரியில் பாடமாக வேறு வைக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: விடைக்கு வழி தெரிந்த கேள்விகள் தத்துவத்தின் வீட்டில் தங்குவதில்லை ஐயா. நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘இயற்கைத் தத்துவம்’ என்றுதான் இருக்கிறது. இயற்பியல் என்று அது தனியாகப் போனது பிற்பாடு. 1879இல் லைப்சிக்கில் உளவியலுக்கு ஆய்வுக்கூடம் அமைத்த வுண்ட், அங்கே தத்துவப் பேராசிரியர். தனிக்குடித்தனம் போன பிள்ளைகளைக் கணக்கில் விட்டுவிட்டு, கிழவருக்கு வாரிசே இல்லை என்கிறீர்கள்.

உங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நம் ஊரில் தத்துவம் என்றால் சோகப் பாட்டு, ஆட்டோவின் முதுகில் எழுதிய வரி. ‘தத்துவம் பேசாதே’ என்பது வசவு. உண்மையில் அது ஒரு வேலை. அதற்கு முறை உண்டு. நம்மிடமே இருக்கும் உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன்.

வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உன் கட்சி என்ன என்று கேட்கிறாள். அதுவும் மாதவன், அதாவது ஆண் துறவி, வடிவத்தில். இளம்பெண் என்றால் யாரும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வமே எச்சரித்திருந்தது. (இதைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுதலாம்.) கடைசியில் வருபவன் பூதவாதி, எல்லாம் நிலம், நீர், தீ முதலிய பூதங்களால் ஆனவை என்பவன். பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து ஊறினால் போதை பிறக்கிறதல்லவா, அதுபோல பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்கிறான். காப்பியமோ பௌத்தக் காப்பியம், இவன் எதிர்க்கட்சி. அப்படியும் சாத்தனார் அவன் வாயில் மட்டமான வாதத்தை வைக்கவில்லை. இன்றைய மூளை ஆய்வாளர் பலர் கைகுலுக்கக்கூடிய உவமை அது.

மணிமேகலை சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? (அனுமானம் என்றால் கண்டதைக் கொண்டு காணாததை அறிவது.)

டி.என்.ஏ. சோதனை இருக்கிறதே என்பீர்கள். அந்தத் தாளில் நீங்கள் கண்ணால் காண்பது எண்களை, அப்பாவை அல்ல. எண்களிலிருந்து அப்பாவுக்குப் போவதும் அனுமானம்தான். சரி, பூதவாதி தோற்றான் என்று கைதட்டி எழுந்துவிடலாமா? சற்று உட்காருங்கள். அவள் உடைத்தது ‘காட்சி ஒன்றே சான்று’ என்ற பாதியை. உணர்வு பூதங்களின் கூட்டிலிருந்து பிறக்கிறது என்ற மறுபாதி கீறல்கூட விழாமல் நிற்கிறது. அதைத் தாக்க வேறு வாதம் வேண்டும். எது விழுந்தது, எது விழவில்லை என்று இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் நான் சொன்ன வேலை. அதற்கு முதலில் எதிராளியின் வாதத்தை அவனே ‘ஆமாம், இதுதான் நான் சொன்னது’ என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். சைவ சித்தாந்தத்தில் இதற்குப் பரபக்கம் என்று பெயர். சிவஞான சித்தியாரில் பிறர் கட்சிகளை முழுக்கச் சொல்லி மறுத்த பிறகுதான் அருணந்தி சிவாசாரியார் தன் கட்சிக்கே வருகிறார். இரவு ஒன்பது மணி தொலைக்காட்சி விவாதத்தில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

பாடமாக வைக்க வேண்டுமா என்கிறீர்கள். பிரான்சில் பள்ளி இறுதித் தேர்வில் பொதுப்பிரிவு மாணவர் அனைவருக்கும் தத்துவத் தாள் உண்டு. நான்கு மணி நேரம். கொடுத்த கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டுரையாக வாதாட வேண்டும். அங்கும் மனப்பாடம் செய்து ஒப்பேற்றுகிறவர்கள் இருப்பார்கள்தான். இலங்கையில் பள்ளியின் கடைசி வகுப்புகளான உயர்தரத்தில் படிக்கும் மாணவர்கள் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற பாடத்தை (அளவையியல் என்றால் தர்க்கம்) தமிழிலேயே எடுக்கலாம். நான் கல்லூரியில் தத்துவத்தைத் துணைப்பாடமாகப் படித்தபோது ஆசிரியர் பழுப்பேறிய நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதினோம். யார் என்ன சொன்னார் என்பது அத்தனையும் அதில் இருந்தது. ஏன் சொன்னார், சொன்னது சரியா என்று அந்த ஆண்டு முழுவதும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன்.

தம்பி மகன் சேரட்டும். ஆனால் முதல் வாரமே வகுப்பில் நோட்ஸ் எழுத வைத்தால், கோர்ஸ் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து உங்களிடம் ‘அப்பாவை அப்பா என்று எப்படித் தெரியும் பெரியப்பா?’ என்று கேட்டால், ஃபீஸைத் தயங்காமல் கட்டுங்கள்.