தனிப்படுக்கை – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்கு 52 வயது. யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். சில மாதங்களாக நானும் கணவரும் வேறு வேறு அறைகளில் தூங்குகிறோம். காரணம் அவருடைய குறட்டை. முன்பும் உண்டுதான், ஆனால் எடை கூடிய பிறகு தாங்க முடியாமல் ஆகிவிட்டது. தோளைத் தட்டுவேன், திரும்பிப் படுக்கச் சொல்வேன். ஒருநாள் நடு இரவில் கோபத்தோடு தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனேன். அவள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அப்படியே அங்கேயே இருந்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு வந்த மகள், "உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். என் அக்காவோ, "இந்த வயசுல தனியாப் படுத்தா அப்புறம் ஒட்டவே மாட்டீங்க" என்கிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால், தனியறைக்கு வந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு, மூன்று மணி வரை விழித்துக் கிடக்கிறேன். சுவரைத் தாண்டி அவர் குறட்டை கேட்கும். கேட்டால் எரிச்சல், திடீரென்று நின்றுவிட்டால் பயம். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பகலில் அவர் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். காரில் சிக்னலுக்கு நிற்கும்போதுகூட ஒருமுறை கண் செருகிவிட்டது. கேட்டால், "எனக்கு நல்லாத்தானே தூக்கம் வருது, பிரச்சினை உனக்குத்தான்" என்கிறார்.

நாங்கள் இப்படி இருப்பது தவறா? நான்தான் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

தவறில்லை. பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. "நின்றுவிட்டால் பயம்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் சரியான பயம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மேலண்ணத்தின் பின்பகுதியும் உள்நாக்கும் தொய்ந்து மூச்சுப் பாதை குறுகுகிறது. குறுகிய பாதையில் போகும் காற்று அந்த மெல்லிய தசைகளை அதிரவைக்கிறது. அதுதான் குறட்டை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து சத்தம் கூடும். மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தசையை இன்னும் தளர்த்தும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் பாதை இன்னும் ஒடுங்கும். இதுவரைக்கும் தொந்தரவு பக்கத்தில் படுப்பவருக்குத்தான்.

பாதை முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தமே இருக்காது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காகப் போராடும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்க, பெரிய திணறலோடு குறட்டை மறுபடி தொடங்கும். இதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ 10 விநாடியாவது நீடித்தால் அதை ஒரு தடவை என்று கணக்கில் எடுப்பார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, இரவு முழுக்க. அத்தனை முறை விழித்ததில் ஒன்றுகூட அவருக்குக் காலையில் நினைவிருக்காது. உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. நன்றாகத் தூங்கினோம் என்று மனமார நம்புகிறார். டிவி முன்னால் தலை தொங்குவதுதான் உண்மையைச் சொல்கிறது.

இதைக் கவனிக்காமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது, பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருந்து, மாத்திரைக்கு அடங்காமல் இருந்தால், அதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த நோயை நோயாளியால் கண்டுபிடிக்க முடிவதில்லை. மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஸ்டாப்-பாங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. கனடாவின் டொரண்டோவில் உருவாகி 2008இல் வெளியானது. சத்தமான குறட்டை, பகல் சோர்வு, ரத்த அழுத்தம், உடல் எடை, 50க்கு மேற்பட்ட வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்றெல்லாம் கேட்கும். அதில் ஒரு கேள்வி: தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? தனியாகத் தூங்குபவர் இதற்கு என்ன பதில் சொல்வார்?

தனியறைக்குப் போகிற எல்லாத் தம்பதிகளிடமும் நான் சொல்ல நினைப்பது இதுதான். போங்கள், ஆனால் சாட்சி சொல்லிவிட்டுப் போங்கள். அவருடைய மூச்சை உங்களைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை. நீங்கள் அறையைவிட்டு வெளியேறியபோது நிம்மதி வந்ததோ இல்லையோ, அவர் தன் ஒரே சாட்சியை இழந்துவிட்டார். ஆகவே இரண்டு மூன்று இரவுகள் அவர் தூங்குவதை, அவரிடம் சொல்லிவிட்டே, செல்போனில் பதிவு செய்யுங்கள். "நீங்க குறட்டை விடறீங்க" என்பது அவருக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். தன் மூச்சு நின்று திணறித் தொடங்குவதைத் தன் காதாலேயே கேட்கும்போது பேச்சு மாறும். அந்தப் பதிவோடு மருத்துவரிடம் போங்கள், நீங்களும் கூடப் போங்கள். இரவில் செய்யும் ஒரு தூக்கப் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிடும். இப்போது பலருக்கு வீட்டில் வைத்தே அதைச் செய்துவிடுகிறார்கள். முடிவு வந்து சிகிச்சை தொடங்கும்வரை அவரைத் தனியாக நெடுந்தூரம் கார் ஓட்ட விடாதீர்கள். சிக்னலில் கண் செருகியதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை.

சிகிச்சை இருக்கிறது. மூக்கில் பொருத்திய கவசத்தின் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கும் சிபாப் கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தினார். முதல் கருவிகளில் வாக்குவம் கிளீனர் மோட்டார்தான் காற்றை ஊதியது. இன்றைய கருவிகளின் சத்தம் மிகக் குறைவு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நோயாளிகளோடு அவர்களின் துணையையும் சேர்த்துத் தூக்கத்தை அளந்து 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்துத் தம்பதிகள்தான், சின்ன ஆய்வு. கருவி ஓடும்போது துணைக்கு இரவொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கு வந்தது. ஒருவரின் மூக்கில் மாட்டியது இன்னொருவருக்குத் தூக்கம் தருகிறது! கருவி ஒத்துவராதவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கவசம் உண்டு. எடை குறைப்பதும் பக்கவாட்டில் படுப்பதும் பலருக்கு உதவும். டிஜெரிடூ என்ற ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் நீண்ட ஊதுகுழலை நான்கு மாதம் பயிற்சி செய்தவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, துணையின் தொந்தரவும் குறைந்தது என்று 2006இல் ஒரு ஆய்வு வந்தது. 2017இல் அதற்கு இக் நோபல் கொடுத்தார்கள், அதாவது சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு, அதுவும் அமைதிக்கான பிரிவில். உங்கள் வீட்டில் அதை முயலச் சொல்ல மாட்டேன். குறட்டையாவது இரவில் மட்டும்தான்.

இனி உங்கள் அக்கா சொன்னது. கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் தூங்குவது ஆதிகாலத்திலிருந்து மாறாத விதியொன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறு வருடங்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வசதியுள்ள தம்பதிகளிடையே ஒரே அறையில் ஆளுக்கொரு கட்டில் என்பது நாகரிகமாக இருந்தது. ஒருவர் விடும் மூச்சு மற்றவருக்குக் கெடுதல், பலவீனமானவர் பலசாலியின் உயிர்ச்சக்தியை உறிஞ்சிவிடுவார் என்றெல்லாம் அன்று மருத்துவர்களே எழுதினார்கள். காரணம் அபத்தம்தான். ஆனால் அந்தக் கட்டில்களில் தூங்கியவர்களெல்லாம் மனதால் பிரிந்தவர்களும் அல்ல. இன்றைக்கும் நீங்கள் தனி இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2023இல் எடுத்த கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவருக்கும் மேல், துணைக்காக எப்போதாவதோ எப்போதுமோ வேறு அறையில் தூங்குவதாகச் சொன்னார்கள்.

அக்கா சொல்வதில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2020இல் ஜெர்மனியில் 12 இளம் தம்பதிகளை ஆய்வகத்தில் தூங்கவைத்துப் பார்த்தார்கள். சேர்ந்து தூங்கிய இரவுகளில் கை கால் அசைவு கூடியது, ஆனாலும் கனவுத் தூக்கம் சுமார் 10 விழுக்காடு அதிகமாக இருந்தது. அருகாமைக்கு உடல் அளவிலேயே ஒரு பலன் இருக்கலாம். ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள். இரவு முழுக்கத் தூங்காமல் அருகில் கிடப்பதை அந்த ஆய்வை வைத்து நியாயப்படுத்த முடியாது. சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள் தம்பதிகளிடையே சண்டை கூடுகிறது, அதைத் தீர்த்துக்கொள்ளும் திறனும் குறைகிறது என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இதற்கு ஆய்வு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான்.

என்னை உறுத்துவது நீங்கள் தனியறைக்குப் போனது அல்ல, போன விதம். நடு இரவு, கோபம், கையில் தலையணை. மறுநாள் ஒரு பேச்சும் இல்லை. அன்றிலிருந்து அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? "பிரச்சினை உனக்குத்தான்" என்பதில் எனக்குத் திமிரைவிட அடிபட்ட ஒரு மனிதனின் குரல்தான் கேட்கிறது. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். பகல் வெளிச்சத்தில், இருவரும் நிதானமாக இருக்கும்போது பேசுங்கள். விளக்கணைக்கும்வரை ஒரே அறையில் படுத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தூக்கம் வரும்போது பிரிந்து போகலாம். வேலை இல்லாத நாட்களின் முந்தைய இரவுகளில் சேர்ந்து தூங்கலாம். உடல் நெருக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானாகவே சொல்கிறேன். ஒரே கட்டிலில் இருக்கும்போது அது தற்செயலாகவும் நடக்கும், தனியறைகளில் நடக்காது. யாராவது ஒருவர் கதவைத் தட்ட வேண்டும். தட்டலாம் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. ஏன் நீங்கள் போனீர்கள்? இப்படி எழுதுகிறவர்களில் பெரும்பாலும் தூக்கம் கெட்டவர்தான் படுக்கையை விட்டுப்போகிறார். குறட்டை விடுபவர் பழகிய கட்டிலில் நிம்மதியாக இருக்கிறார். எந்த இடத்திலும் தூங்கிவிடக்கூடியவர் அவர்தானே, அவர் மாறிப் படுக்கட்டும்.

உங்கள் தூக்கமின்மைக்கு வருகிறேன். தனியறைக்கு வந்த பிறகும் தூக்கம் வராததற்குக் காரணம் உண்டு. வருடக்கணக்கில் படுக்கையில் விழித்துக் கிடந்து காத்திருந்ததில் உங்கள் உடல் படுக்கையை விழித்திருக்கும் இடமாகப் பழகிக்கொண்டது. அறை மாறினாலும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு முறையைச் சொன்னார். கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குப் போவது. கொஞ்ச நேரத்தில் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்திருந்து, மறுபடி கண் சொக்கும்போது திரும்புவது. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. பகலில் தூங்காதிருப்பது. கேட்கச் சாதாரணம், முதல் வாரங்கள் கொடுமையாக இருக்கும். இதையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்த உளவியல் சிகிச்சையைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. இதைச் செய்ய, பக்கத்தில் தூங்குபவரை எழுப்பிவிடுவோமோ என்ற பயம் இல்லாத தனியறை வசதிதான். ஆனால் எழுந்த பிறகு அவர் அறைக்குப் போய் மூச்சைச் சரிபார்க்கிற வேலை கூடாது. அதனால்தான் அவருடைய பரிசோதனையை முதலில் சொன்னேன்.

மருத்துவரிடம் போகும் அன்று உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். இந்த விஷயத்தைப் பற்றி எனக்கு எழுதும் பெண்கள் எல்லோரும் கணவரின் குறட்டையைத்தான் எழுதுகிறார்கள், தன் குறட்டையைப் பற்றி ஒருவரும் எழுதியதில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்துக்குப் பிறகு பெண்களுக்கும் ஆப்னியா வரும் வாய்ப்பு கூடுகிறது. பெண்களிடம் அது பல சமயம் பெரிய குறட்டையாக வெளிப்படாமல் தூக்கமின்மை, காலைத் தலைவலி, நாளெல்லாம் அசதி என்றே தெரியும். அதனால் கண்டுகொள்ளாமல் போகிறது. இப்போது தனியறையில் தூங்கும் உங்களுக்கும் சாட்சி இல்லை. செல்போனை ஓரிரு இரவுகள் உங்கள் தலைமாட்டிலும் வையுங்கள்.