பாறைக்குள் ஊறிய டிசிஇ: சில கேள்விகள், பதில்கள்

கலிஃபோர்னியாவின் சாண்டா சூசானா ராக்கெட் சோதனைத் தளத்தில் நிலத்தடி நீர் கெட்டது பற்றி வந்த கேள்விகளில், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கே: ராக்கெட் இன்ஜினை எரித்துப் பார்த்தால் நிலத்தடி நீர் எப்படிக் கெடும்?

எரித்ததால் கெடவில்லை, கழுவியதால் கெட்டது. திரவ ஆக்சிஜன் பாயும் குழாயில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வெடித்துவிடும். அதனால் இன்ஜின்களை ட்ரைகுளோரோஎத்திலீன், சுருக்கமாக டிசிஇ, என்ற எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் நச்சு ரசாயனத்தை ஊற்றி அலசினார்கள். பல வருடங்களுக்கு அது அப்படியே தரையில் வழிந்து ஓடியது. 1940-களின் கடைசியில் தொடங்கிய தளம் அது. இன்ஜின் சோதனை 2006-இல்தான் நின்றது.

கே: பம்ப் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்தால் போதாதா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். டிசிஇ தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். மேலே மிதக்காமல் அடியில் இறங்கும். அங்கே அடியில் இருப்பது வெடிப்பு விட்ட மணற்கல். வெடிப்பில் இறங்கிய டிசிஇ, மாங்காயில் உப்பு ஏறுவது போல மெல்ல மெல்லக் கல்லுக்குள்ளேயே ஏறிவிட்டது. பம்ப் இழுப்பது வெடிப்பில் இருக்கும் தண்ணீரை மட்டும். பம்ப்பை நிறுத்தினால் கல் உள்ளே வைத்திருப்பதைத் திரும்பக் கசியவிடும், அளவு மறுபடி ஏறும். ஒரு நல்லதும் உண்டு: கல் பிடித்து வைத்திருப்பதால் விஷம் வெளியே பரவுவதும் மெதுவாகிறது.

சரி, எவ்வளவு இருந்தால் ஆபத்து? அமெரிக்காவில் குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு மில்லி டிசிஇ சுமார் 2,90,000 லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். 12,000 லிட்டர் தண்ணி லாரி 24!

கே: காய்ச்சிக் குடிக்கலாமா?

வேண்டாம். டிசிஇ ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், அதை நீங்கள் மூச்சில் இழுப்பீர்கள். கரி வடிகட்டி பிடிக்கும், ஆனால் கரியைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

கே: பாக்டீரியாவே தின்றுவிடுமாமே?

டிசிஇயில் இருக்கும் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும் பாக்டீரியா உண்டு. தாவர எண்ணெய் மாதிரி எதையாவது இறக்கி அதற்குத் தீனி போடுவார்கள். சிக்கல் எங்கே என்றால், வேலை பாதியில் நின்றால் வினைல் குளோரைடு என்ற புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் மிஞ்சும். அது டிசிஇயைவிட மோசம். அதனால் 'டிசிஇ குறைந்துவிட்டது' என்று அறிக்கை வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், வினைல் குளோரைடு வரியைத் தேடிப் பாருங்கள். அப்புறம், கல்லின் நுண்துளைக்குள் பாக்டீரியாவும் சுலபமாகப் போகாது.

கே: அங்கே அணு உலை உருகியதே, அது?

1959-இல் அங்கே சோடியத்தால் குளிர்விக்கப்பட்ட சோதனை அணு உலையின் எரிபொருளில் ஒரு பகுதி உருகியது உண்மை. அணு ஆய்வு நடந்த பகுதியின் நீரில் டிரிடியமும் (கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன்) இருந்தது. அது 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், டிசிஇ அப்படி இல்லை.

கே: எப்போது முடியும்?

பொறுப்பு போயிங், நாசா, அமெரிக்க எரிசக்தித் துறை மூவருடையது. மண்ணைச் சுத்தம் செய்யவே 2017 என்று கெடு வைத்தார்கள், அது தாண்டிவிட்டது. நிலத்தடி நீருக்கு யாராவது முடிவுத் தேதி சொன்னால் நான் நம்பமாட்டேன். தளத்தின் எல்லையைத் தாண்டாமல் தடுக்கிறார்களா, சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகளை வெளியிடுகிறார்களா என்று கேளுங்கள்.