பால் மறந்த பன்றிக்குட்டிக்குப் புரதத்தைக் கூட்டலாமா?

கேள்வி: குட்டிகளை 28-ஆம் நாளில் தாயிடமிருந்து பிரித்தேன். எடை ஏழரை கிலோ. மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும்தான் முக்கியத் தீவனம். எடை ஏறவில்லை என்று புரதத்தை 20 சதவீதத்திலிருந்து 23-க்கு உயர்த்தினேன், கழிச்சல்தான் அதிகமானது. லைசின் தூள் சேர்க்கச் சொல்கிறார்கள். அது மட்டும் போதுமா?

பதில்: போதாது. முதலில், கூட்டிய சோயாவைக் குறையுங்கள்.

நேற்றுவரை பால் குடித்த வயிறு அது. அமிலம் குறைவாகத்தான் சுரக்கும். தாவரப் புரதத்தை உடைக்கும் நொதிகளும் இன்னும் போதிய அளவில் இல்லை. செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் புளித்து, அம்மோனியாவாகவும் குடலை அரிக்கும் வேறு பொருட்களாகவும் மாறுகிறது. கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை கிருமிக்கு அது நல்ல வசதி. போதாக்குறைக்கு, சோயாவின் சில புரதங்களே இந்த வயதுக் குடலுக்கு ஒவ்வாமை தரும்.

சரி, 20 சதவீதத்தில் ஏன் வளரவில்லை? இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குட்டிக்கு வேண்டியது புரதம் என்ற மொத்தக் கணக்கு அல்ல, அதைக் கட்டும் சிறு கூறுகளான அமினோ அமிலங்கள். லைசின் அவற்றில் ஒன்று. 7 முதல் 11 கிலோ வரையுள்ள குட்டியின் தீவனத்தில் செரிமானமாகும் லைசின் 1.35 சதவீதம் வேண்டும். வெறும் மக்காச்சோளம், சோயாவில் 20 சதவீதப் புரதம் கொண்டுவந்தால் அது 0.9-ஐ ஒட்டித்தான் நிற்கும். 23-க்குப் போனாலும் 1.1-தான். அதாவது கழிச்சலையும் வாங்கிக்கொண்டு, லைசின் பற்றாக்குறையையும் தீர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் லைசின் தூளைக் கொட்டினால் தீராதா? லைசின் நிரம்பியதும் அடுத்த அமினோ அமிலத்தின் பற்றாக்குறை வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும். மிச்ச லைசின் உடைக்கப்பட்டு யூரியாவாகச் சிறுநீரில் போய்விடும். லைசினை 100 என்று வைத்தால், மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 55 முதல் 58, திரியோனின் 62 முதல் 65, டிரிப்டோபன் 19 முதல் 20, வாலின் 65 முதல் 68 இருக்க வேண்டும். இந்த விகிதம்தான் சமநிலை.

உங்கள் 23 சதவீதத் தீவனத்தையே எடுத்துக்கொள்வோம். 100 கிலோவில் 10 கிலோ சோயாவை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக லைசின் ஹைட்ரோகுளோரைடு (நீங்கள் சொன்ன லைசின் தூள்) சுமார் 600 கிராம், திரியோனின் 250, மெத்தியோனின் 230, வாலின் 150, டிரிப்டோபன் 65 கிராம். மீதி எடைக்கு மக்காச்சோளம். புரதம் மறுபடி 20-ஐ ஒட்டி வந்துவிடும், லைசின் மட்டும் 1.35-ஐத் தொடும். முதலில் கொடுத்த அதே 20 சதவீதம்தான், ஆனால் குட்டிக்கு அது வேறு தீவனம். சோயாவில் 46, 47 சதவீதப் புரதம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் சரக்கின் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். புரதத்தை 18 சதவீதத்துக்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள். ஐசோலூசின், ஹிஸ்டிடின் என்று அடுத்த குறைகள் தலைகாட்டும்.

இவற்றில் திரியோனினையும் டிரிப்டோபனையும் செலவைப் பார்த்து விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தில் திரியோனின்தான் ஏராளம். கழிச்சல் கண்ட குட்டி அந்தச் சளியை இழந்துகொண்டே இருக்கிறது, ஆகவே அதன் தேவை கூடுகிறது. டிரிப்டோபன் பசியோடு தொடர்புள்ளது. உடல் நோயை எதிர்க்கும்போது அதுவும் வேகமாகச் செலவாகும். பிரித்த முதல் வாரத்தில் தீவனத் தொட்டியை முகர்ந்துவிட்டு நகரும் குட்டிக்கு இந்த இரண்டும் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

மக்காச்சோள குளூட்டன் சேர்ப்பவராக இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதில் லூசின் மிக அதிகம். அது வாலினையும் ஐசோலூசினையும் உடலில் வீணாக்கி, தீனி எடுப்பதையே குறைத்துவிடும். அதிகமாகச் சூடாக்கிக் கருகிய சோயாவும் வேண்டாம். ஆய்வில் லைசின் இருப்பதாகக் காட்டும், குட்டியால் அதைப் பயன்படுத்த முடியாது.

அப்புறம், கலப்பது. 65 கிராம் டிரிப்டோபனை 100 கிலோவில் நேராகத் தூவினால் ஒரு குட்டிக்கு நிறையக் கிடைக்கும், இன்னொன்றுக்கு ஒன்றும் இருக்காது. எல்லாத் தூளையும் முதலில் 2 கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, பிறகு 10 கிலோ ஆக்கி, அதன் பின் மொத்தத்தில் சேருங்கள்.

இப்போது கழிச்சலில் இருக்கும் குட்டிகளுக்குத் தீவன மாற்றம் மட்டும் மருந்தாகாது. கண் குழிவிழுந்து, தோலைக் கிள்ளினால் மெதுவாகப் படிகிறது என்றால் உப்பு, சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்கி, அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். எடை 11 கிலோவைத் தாண்டியதும் லைசின் 1.23 சதவீதம் போதும். அப்போது சோயாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தூள்களைக் குறைத்துக்கொண்டே வரலாம்.