டவுன்ஹால் ரோட்டில் கடை பிடிப்பதற்கு முன்னால்

கேள்வி: எட்டு வருடமாக மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 22 ஆயிரம். ஹார்டுவேர், நெட்வொர்க், டேலி கணக்கு மென்பொருள் போடுவது எல்லாம் தெரியும். சொந்தமாக கன்சல்டிங் தொடங்க ஆசை, கையில் 3 லட்சம் இருக்கிறது. "டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையைப் பிடித்து உட்காருடா, நாலு பேர் கண்ணில் பட்டால்தான் தொழில்" என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
– வாசகர், அனுப்பானடி

பதில்: அப்பா சொல்வது சரக்கு விற்கிறவர்களுக்குச் சரி. நீங்கள் செய்யப்போகும் தொழிலில் உங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை, நீங்கள்தான் அவர்கள் கடைக்குப் போகப்போகிறீர்கள். 3 லட்சத்தை அட்வான்ஸ், போர்டு, கண்ணாடிக் கதவு என்று போட்டுவிட்டால் நாலாவது மாதமே வாடகை கழுத்தைப் பிடிக்கும், அப்புறம் உள்ளே வருகிற ஆளிடம் அவருக்குத் தேவையோ இல்லையோ ஒரு பிரிண்டரையாவது தலையில் கட்டித்தான் ஆகவேண்டும். ஆலோசனை சொல்கிறவர் அந்த நிலைக்கு வரவே கூடாது. ஒரு முதலாளி உங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது, இவர் சொல்கிற பொருளில் இவருக்குக் கமிஷன் கிடையாது என்று நம்பித்தான். அந்த நம்பிக்கைதான் உங்கள் முதல்.

அதனால் முதல் நாளிலேயே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர், யூபிஎஸ், கேமரா எதுவானாலும் எந்த மாடல் வாங்கலாம் என்று எழுதிக் கொடுங்கள், வாங்குவதும் பில்லும் கடைக்காரர் பெயரிலேயே நேரடியாக நடக்கட்டும், தேர்ந்தெடுத்துக் கொடுத்து மாட்டிவிடுவதற்கு மட்டும் உங்கள் கூலியைத் தனியாக வாங்குங்கள். இதில் வரி லாபமும் உண்டு. சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாவது ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான். சரக்கு மட்டும் விற்றால் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை விலக்கு, ஆனால் சரக்கும் சேவையும் கலந்து செய்தால் 20 லட்சம்தான் கணக்கு. ஒரு ஜவுளிக் கடைக்குப் பத்து கம்ப்யூட்டர் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்தாலே அந்த 20 லட்சத்தில் ஒரு பெரிய பங்கு தீர்ந்துவிடும், லாபமோ அதில் சொற்பம். கடைக்காரருக்கும் ஜிஎஸ்டி இருந்தால் டீலர் பில்லில் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் நேராகக் கிடைத்துவிடும்.

அடுத்தது, எல்லாருக்கும் எல்லாம் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரு தெருவை, ஒரு வியாபாரத்தைப் பிடியுங்கள். மதுரையில் அதற்குப் பஞ்சமே இல்லை: கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம், தெற்காவணி மூல வீதியில் நகைக் கடைகள், விளக்குத்தூண் பக்கம் ஜவுளி, கப்பலூரில் சிட்கோ தொழிற்பேட்டை. எட்டு வருடத்தில் எந்த வகைக் கடைக்கு அதிகம் போனீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அவர்கள் வியாபாரம் எந்த நாளில் மூச்சு முட்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20-ஆம் தேதி 3பி ரிட்டர்ன் என்று வரிக் கணக்குக்குக் கெடு வைத்திருக்கும் கடையில் 19-ஆம் தேதி சாயங்காலம் கம்ப்யூட்டர் படுத்தால் முதலாளிக்கு எப்படி இருக்கும்! 8-ஆம் தேதியும் 17-ஆம் தேதியும் நீங்களே போன் போட்டு "அண்ணாச்சி, சிஸ்டம் எல்லாம் ஓடுதா?" என்று கேட்டால் போதும், அந்தக் கடை உங்களை விடாது. ஆண்டு வியாபாரம் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ், அதாவது மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசாங்கத் தளத்தில் பதிந்து எண் வாங்குவது, கட்டாயம். நெட் போனால் அவர்களுக்குப் பில்லே போட முடியாமல் லாரி நிற்கும். அங்கே இரண்டாவது இணைப்பு ஒன்று போட்டு வைக்கச் சொல்வதுதான் ஆலோசனை, ஆன்டிவைரஸ் விற்பது அதற்கு அப்புறம்.

ஒரு மளிகை மொத்தக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். சிபியூவைத் திறந்தால் ஃபேனில் மிளகாய், மல்லித் தூசி பிசின் மாதிரி அப்பியிருக்கும், மூட்டைகளுக்குப் பின்னால் ஓடும் லேன் வயரை எலி கடித்திருக்கும். இதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியும். தெரியாதது பேக்கப். "தினமும் எடுக்கிறோம் தம்பி" என்பார்கள், பார்த்தால் அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் எடுத்திருப்பார்கள், ஹார்டு டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். இல்லையென்றால் ஒரு பென் டிரைவ் மாதக்கணக்கில் பின்னாலேயே செருகியிருக்கும், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு வெளி டிஸ்க், ஒன்று கடையில், ஒன்று முதலாளி வீட்டில், வாரம் ஒரு தடவை மாற்றிக்கொள்ளட்டும். டேலியில் கம்பெனியை மூடிவிட்டு பேக்கப் எடுக்கப் பழக்குங்கள். மாதம் ஒரு முறை அந்த பேக்கப்பை உங்கள் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, முந்தின நாள் கடைசி பில் நம்பர் வருகிறதா என்று முதலாளி கண்ணெதிரே காட்டுங்கள். காட்டி முடித்ததும் உங்கள் லேப்டாப்பிலிருந்து அதை அழிப்பதையும் அவர் பார்க்கட்டும். எட்டு வருட அனுபவத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதைவிட இந்தப் பத்து நிமிடம் உங்களை அவருக்குப் புரியவைக்கும்.

கட்டணத்தைப் போய் வருகிற கணக்கில் வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் ரிப்பேர் ஆனால்தான் உங்களுக்குச் சோறு, அவருக்கோ ரிப்பேர் ஆகாமல் இருக்க வேண்டும், இரண்டு பேர் நலனும் எதிரெதிராக நிற்கும். மாதக் கட்டணம்தான் சரி. வீட்டுச் செலவு, பெட்ரோல், போன் செலவு எல்லாம் கூட்டி மாதம் 40 ஆயிரம் வேண்டுமென்றால், ஐந்து சிஸ்டம் உள்ள கடைக்கு 2,500 என்று வைத்தால் 16 கடை வேண்டும். ஒருவர் தனியாக ஒழுங்காகப் பார்க்கக்கூடிய அளவு அதுதான், அதற்கு மேல் ஒரு பையனைச் சேர்க்காமல் கடைகளை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பக்கத்தில் தமிழிலேயே ஒப்பந்தம் எழுதுங்கள்: எத்தனை மணி நேரத்துக்குள் வருவேன், பேட்டரி, டோனர், டேட்டா ரெக்கவரி இதில் சேராது, இத்தனை தேதிக்குள் பணம். எல்லா பாஸ்வேர்டும் எழுதி ஒட்டிய கவர் ஒன்று முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கடையைக் கட்டிப்போடுகிற ஆட்களை மதுரை மறக்காது.

மற்றது எல்லாம் சுருக்கம்தான். உத்யம் எனும் சிறுதொழில் பதிவு ஆதார், பான் இருந்தால் நெட்டிலேயே இலவசம், காசு கேட்கிற தளம் அரசாங்கத் தளம் இல்லை. தமிழ்நாடு அரசின் நீட்ஸ் மானியக் கடன் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கானது, உங்களுக்கு இப்போது கடனே வேண்டாம், ஆறு மாத வீட்டுச் செலவை 3 லட்சத்திலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில் தொடங்குங்கள். இப்போதைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களைக் கையோடு இழுத்துக்கொண்டு வராதீர்கள். வேலைக்குச் சேரும்போது என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்றும் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் ஆறு வருடம் ஐடியில் இருந்தேன், குழந்தை பிறந்தபின் திருமங்கலத்துக்கே வந்துவிட்டோம். வயர் இழுக்கிற வேலை எனக்குத் தெரியாது. கிளவுட், இமெயில், பாதுகாப்பு தெரியும். இந்த ஊரில் அதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்களா? வீட்டிலிருந்தே செய்ய முடியுமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இருக்கிறார்கள் அம்மா, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. கப்பலூர் தொழிற்பேட்டையில் எத்தனை யூனிட்டில் ஆர்டர், கொட்டேஷன் எல்லாம் ஒரே ஜிமெயிலில் ஓடுகிறது, அதன் பாஸ்வேர்டு வேலையை விட்டுப்போன அக்கவுன்டன்டுக்கும் தெரியும் என்று விசாரித்துப் பாருங்கள். கம்பெனி பெயரில் டொமைன், ஆளுக்கொரு மெயில், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, ஆள் வேலையை விடும் நாளில் செய்ய வேண்டியவை, இதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்யலாம். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று போலி மெயில் வந்து பணம் தவறான கணக்குக்குப் போவதுதான் இந்த மாதிரி யூனிட்டுகளுக்குப் பெரிய ஆபத்து. அப்படி நடந்தால் அடுத்த நிமிடமே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழைக்க வேண்டும் என்று எழுதி கேஷியர் மேசைக்கு முன்னால் ஒட்டவையுங்கள்.

வயருக்கு அனுப்பானடி நண்பர் மாதிரி ஒருவரோடு கூட்டு வையுங்கள், அவரவர் பில் அவரவர் பெயரில். ரிமோட் ஆப் மூலம் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டருக்குள் போகும்போது ஒவ்வொரு தடவையும் போனில் கேட்டு, அவர்கள் அனுமதி கொடுத்தபின் மட்டும் போங்கள், ஏமாற்றுக்காரர்களும் அதே ஆப்பைத்தான் போடச் சொல்கிறார்கள் என்பதால் இந்தப் பழக்கம் அவர்களுக்கும் பாதுகாப்பு. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளில் வரும் நாளில் டவுனுக்குள் யாராலும் வண்டியில் போக முடியாது, அன்றைக்கு நகரத்துக் கடைகளுக்கு உங்களை மாதிரி ஆள்தான் வேண்டும்.

கேள்வி: விண்டோஸ் 10-ஐ நிறுத்திவிட்டார்களாமே, என் வாடிக்கையாளர்கள் எல்லாரையும் புது சிஸ்டம் வாங்கச் சொல்லவா? ஒரிஜினல் விண்டோஸுக்குக் காசு கேட்டால் "கிராக் போட்டுக் கொடு" என்கிறார்கள்.
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: எல்லாரையும் பயமுறுத்தாதீர்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது, மெஷின் நிற்கவில்லை. எந்தெந்த கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, மெயில் ஓடுகிறதோ அதை முதலில் மாற்றுங்கள். நெட்டே இல்லாமல் எடை மேடைக்கு மட்டும் ஓடும் மெஷின் கடைசியாகப் போதும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. அதைப் பார்த்து, 11 ஏறும் மெஷின், உடனே மாற்ற வேண்டியது, கடைசியில் மாற்றினால் போதுமானது என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதிக் கொடுத்தாலே அது காசு வாங்கத் தகுந்த வேலை.

கிராக் மட்டும் போடவே போடாதீர்கள். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவதற்கு பதிப்புரிமைச் சட்டத்தில் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. ரான்சம்வேர் உள்ளே நுழைகிற வழிகளில் இதுவும் ஒன்று, அப்படி நுழைந்தால் முதலாளி "இவன்தான் போட்டான்" என்று உங்களைத்தான் காட்டுவார். காசில்லை என்றால் லெட்டர் அடிக்க லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, இலவசம், தமிழும் நன்றாக வரும்.

கேள்வி: ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலை முடித்து மூன்று மாதம் ஆகிறது, "அடுத்த வாரம்" என்றே இழுக்கிறார்கள். முகத்தை முறித்துக்கொள்ளாமல் வாங்க முடியுமா?
– வாசகர், மேலூர்

பதில்: முடியும், உத்யம் பதிவு இருந்தால். 2006-ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இதைவிட வேலை செய்வது இன்னொன்று: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, அதைத் தரும்வரை செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது. ஆகவே நிர்வாகியிடம் சண்டை போடாமல், உத்யம் எண் அச்சிட்ட பில்லின் நகலை அவர்களுடைய ஆடிட்டருக்கு மரியாதையாக ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள், மார்ச்சுக்கு முன்னால் அனுப்பினால் இன்னும் நல்லது. அதற்கும் மசியவில்லை என்றால் தாமதப் பணத்துக்கென்று மத்திய சிறுதொழில் அமைச்சகம் வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் போடலாம். பதிவு இன்னும் செய்யவில்லையா? இந்த பில்லுக்கு அது கைகொடுக்கும் என்று நம்பி இருக்காமல் நேரில் பேசி வாங்கப் பாருங்கள், அடுத்த வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன் பதிவை முடித்துவிட்டு, பாதிப் பணத்தை முன்பணமாகக் கேளுங்கள்.